தீப்பெட்டியில் ஒரு பூதம்



பால் க்ளே என்று ஓர் ஓவியர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியில் பெயரெடுத்தவர். தன் படைப்புகளுக்கு எண் போட்டு, கணக்குப்பிள்ளை மாதிரிப் பதிவேட்டில் ஏற்றிவைப்பது அவர் வழக்கம். ஒன்பதாயிரத்துக்கு மேல் அதில் இருக்கின்றன. ஆனால் 1916 முதல் 1925 வரை கையாலேயே செய்த ஐம்பது பொம்மைகளை மட்டும் அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை. மகன் ஃபெலிக்ஸுக்காகச் செய்த வீட்டுச் சமாச்சாரம் அது!

மியூனிக்கில் அவர்கள் குடித்தனம் நடந்த விதமே வேறு. மனைவி லில்லி பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். சமையலும் பிள்ளை வளர்ப்பும் க்ளேயின் பாடு. பையனைப் பழம்பொருள் சந்தைக்கு அழைத்துப்போவார். அங்கே நடக்கும் காஸ்பர் என்ற கோமாளியின் பொம்மைக் கூத்தில் பையன் சொக்கிப்போனான். அவனுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா எட்டுப் பொம்மைகளைச் செய்து கொடுத்தார். தோல்பாவையோ நூல்பாவையோ இல்லை. சட்டைக்குள் கையை நுழைத்து, சுட்டுவிரலால் தலையை ஆட்டும் வகை.

முதல் பொம்மைகளுக்குக் குடும்பத் தோழி ஒருவர் உடை தைத்தார். பிறகு க்ளேயே ஊசியை எடுத்துக்கொண்டார். தலைகள் பெரும்பாலும் பாரிஸ் சாந்து. போகப்போக வீட்டில் கிடைத்ததெல்லாம் தலையாயிற்று. மாட்டெலும்பு ஒரு முகமானது. பிளக் மாட்டும் சாக்கெட் ஒரு மின்சாரப் பேயானது. தீப்பெட்டி ஒரு பூதமானது. தன்னையே பெரிய கண்களோடு ஒரு பொம்மையாகச் செய்துகொண்டார். எனக்கு அந்தத் தீப்பெட்டிப் பூதத்தின் மேல்தான் பிரியம் அதிகம்.

ஃபெலிக்ஸ் வளர்ந்ததும் வீட்டுக் கதைகளையே மேடையேற்றினான். ஒரு நாடகத்தில், படம் விற்கும் தோழி ஒருத்தி, "இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அப்பாவை நச்சரிக்கிறாள். அவர் மசியவில்லை. கடைசியில் அந்தப் படத்தாலேயே அவர் தலையில் ஒரு போடு! பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

1945இல் வூர்ஸ்பர்க் நகரில் குண்டு விழுந்தபோது அங்கிருந்த பல பொம்மைகள் எரிந்துபோயின. முதல் எட்டில் தப்பியது, மரணத்தின் உருவமாகச் செய்த பொம்மை. மிஞ்சிய முப்பதும் பெர்ன் நகரில், க்ளேயின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் கணக்கில் சேர்க்காததைப் பார்க்க இன்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

நேயர்களே, இந்த விடுமுறையில் கடையில் பொம்மை வாங்க வேண்டாம். பழைய சுவிட்ச், கொட்டாங்குச்சி, பாட்டி புடவையின் கிழிசல், எது கிடைத்தாலும் போதும். தலையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கட்டும். துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டுங்கள். முகத்துக்கு யார் சாயல் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கோபக்காரத் தாத்தாவைச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்; முதல் ஆட்டத்துக்குத் தாத்தாவையே முன்வரிசையில் உட்காரவையுங்கள்.