நாற்காலிக்கு எந்த இரும்பு?

இங்கிலாந்தின் போல்டன் நகரில் அட்லஸ் ஃபோர்ஜ் என்று ஓர் ஆலை இருந்தது. தாமஸ் வாம்ஸ்லி நிறுவனம் நடத்திய அந்த ஆலை 1973-இல் மூடப்பட்டது. பிரிட்டனில் வணிகத்துக்காகத் தேனிரும்பு காய்ச்சிய கடைசி ஆலை அதுதான். அதன் பொறிகள் பிறகு அயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 'ராட் அயர்ன்' (தேனிரும்பு) என்ற சீட்டுத் தொங்கும் தோட்ட நாற்காலிகளுக்கு மட்டும் எந்தக் கடையிலும் குறைவில்லை. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மென் எஃகு, பட்டறைகளில் எம்.எஸ். என்கிறார்களே, அதேதான். மிச்சம் கொஞ்சம் அலுமினிய வார்ப்பு.

மோசடி என்று இதற்காகக் கொதிக்க வேண்டியதில்லை. நல்ல கையில் மென் எஃகு அருமையான நாற்காலியாகும்; மோசமான கையில் தேனிரும்பும் மூன்று மழைக்காலம் தாங்காது. எந்த உலோகம் என்ற கேள்விக்குப் பதில், அதைச் சூடாக்கி அடிக்கப் போகிறோமா, உருக்கி ஊற்றப் போகிறோமா, செய்து முடித்த பொருள் எங்கே நிற்கப் போகிறது என்பவற்றில் இருக்கிறது.

முதலில் தேனிரும்பின் கதை. 1784-இல் ஹென்றி கார்ட் காப்புரிமை பெற்ற முறைப்படி, உருகிய வார்ப்பிரும்பை உலைக்குள் வைத்தே ஓர் ஆள் நீண்ட கம்பியால் கிளறிக்கொண்டிருப்பார். கரிமம் எரிந்து வெளியேற வெளியேற இரும்பு கெட்டிப்படும். அந்தக் கட்டியை வெளியே இழுத்து, சம்மட்டிப் பொறியில் அடித்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டுவார்கள். உள்ளே சிக்கிய கசடு முழுவதும் வெளியேறாமல், இழுத்த திசையிலேயே நூல் நூலாக நீண்டுவிடும். தேனிரும்புக் கம்பியைப் பாதி வெட்டிவிட்டு வளைத்தால், கரும்பை முறிக்கும்போது போல நார் கிழிந்துதான் பிரியும். பழைய வேலைதானா என்று பார்ப்பவர்கள் தேடும் அடையாளம் அந்த நார்தான்.

கொல்லர்கள் இதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. சூட்டில் எளிதாக வளைந்து கொடுக்கும். இரண்டு துண்டுகளை வெண்சூட்டில் வைத்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் கசடே இளகி, ஒட்டுவதற்கு உதவும். இந்தப் பெருமை எல்லாம் உண்மை. 'பழைய இரும்பு துருப்பிடிக்காது' என்ற பேச்சுதான் பாதி உண்மை. அப்படிச் சொல்பவர்கள் தில்லி மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூணைக் காட்டுவார்கள். சுமார் 1,600 ஆண்டாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தத் தூணை ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டானது என்பது அவர் கண்டது. எல்லாப் பழைய இரும்புக்கும் அந்த யோகம் இல்லை. 1889-இல் எழும்பிய ஈஃபெல் கோபுரமும் கிளறிக் காய்ச்சிய தேனிரும்புதான், ஏறத்தாழ 7,300 டன். அதற்கு ஏழாண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் வண்ணம் பூசிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இன்றும் தேனிரும்பு கிடைக்கிறது. பழைய பாலங்கள், சங்கிலிகள், வேலிகளிலிருந்து எடுத்து மறுபடி உருட்டியது. விலை அதிகம். லண்டனையடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு ழான் தீஜூ என்ற பிரெஞ்சுக் கலைஞர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த இரும்புத் திரைகளைப் போன்றவற்றைப் பழுது பார்க்க அதுவே முறை. பழைய உடம்பில் அதே வகை இரும்பைத்தான் சேர்க்க வேண்டும். புதிதாகச் செய்யும் மொட்டைமாடி நாற்காலிக்கு அதைத் தேடி அலைவது வெறும் பெருமை.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் இதற்கு நல்ல சாட்சி. கடலோர ஊர், உப்புக் காற்று. 1912-இல் பிறந்த பிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர் அங்கே 2009 வரை வாழ்ந்தார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பீட்டர் சிம்மன்ஸிடம் பதின்மூன்று வயதில் சேர்ந்து தொழில் கற்றார். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர். வண்டிச் சக்கர வேலை மங்கியபோது 1938 வாக்கில் அலங்கார வேலைக்குத் திரும்பினார். ஊரிலிருந்த பழைய வேலைகளைச் செப்பனிட்டார். அவற்றோடு ஒத்துப்போகும்படி புதிய கதவுகள், படிக்கைப்பிடிகள், சாளரக் கம்பிகள் செய்தார். காட்ஸ்டன் மாளிகைக்கு அவர் செய்த கதவில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு நெளிந்து நிற்கிறது. 1982-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கதவுகளின் முன் நிற்பவர் கண்ணில் படுவது சுருள் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதுதான். கம்பியின் ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை.

மென் எஃகிலும் தேர்வு இருக்கிறது. நம் ஊரில் கட்டமைப்பு வேலைக்கு வரும் கம்பி பெரும்பாலும் ஐ.எஸ். 2062 தரக்குறிப்பின்படி வருவது. அதில் ஈ250 என்றால், அந்த 250 வலிமையைச் சொல்லும் எண். கரிமம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லாது. இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு மட்டும் போடும். ஆகவே ஒரே தரத்தில் வந்த இரண்டு கம்பிகளில் ஒன்று சம்மட்டிக்கு இணங்கும், மற்றது முறைக்கும். அனுபவமுள்ள பட்டறைக்காரர் ஒரு முனையைச் செஞ்சூடாக்கித் தண்ணீரில் முக்கி, ஆறியதும் வளைத்துப் பார்ப்பார். விரிசல் கண்டால் அந்தக் கம்பி நுணுக்கமான சுருளுக்குப் போகாது. நேரான கம்பியாக வேலியில் நிற்கும்.

கட்டட வேலையில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பியை அலங்கார வேலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. அதன் மேற்புறம் ஆலையிலேயே தண்ணீர் பாய்ச்சிக் கடினமாக்கப்பட்டது. உலையில் வைத்தவுடன் அந்தச் சிறப்புப் போய்விடும். மேலே இருக்கும் வரிகள் மட்டும் அசிங்கமாக மிஞ்சும். கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டியதை அங்கேயே விடுவது நல்லது. குளிர்நிலையில் இழுத்த, பளபளப்பான கம்பியிலும் இதே சிக்கல்தான்: அதிக விலை கொடுத்து வாங்கி உலையில் வைத்தால், கொடுத்த விலைக்கான சிறப்பு அத்தனையும் சூட்டில் கரைந்துபோகும். சூடாக உருட்டிய சாதாரணச் சதுரக் கம்பி போதும்.

அளவு பெரிய விஷயம். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒரு மீட்டருக்கு 1.13 கிலோ, 16 மில்லிமீட்டர் என்றால் 2 கிலோ. பன்னிரண்டு மீட்டர் கம்பி பிடிக்கும் ஒரு நாற்காலி முதல் கணக்கில் பதின்மூன்றரைக் கிலோ, இரண்டாவது கணக்கில் இருபத்து நான்கு. இரண்டாவதை மழை வந்தால் யார் தூக்கி உள்ளே வைப்பது? எடைக்குப் பயந்து 18 கேஜ் குழாய்க்குப் போனால் வேறு தொல்லை. அதன் சுவர் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். காலின் அடியில் பிளாஸ்டிக் மூடி, மேலே வெல்டிங்கில் ஊசித்துளை. உள்ளே இறங்கிய நீர் வெளியே வராது. வெளிப்புற வண்ணம் புத்தம்புதிதாக இருக்கும்போதே கால் உள்ளிருந்து அரிபட்டு முறியும். அடியில் ஒரு துளை போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

வார்ப்பிரும்பு முற்றிலும் வேறு குணம். அதில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் உண்டு. ஏறத்தாழ 1,200 டிகிரியிலேயே உருகி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். ஆனால் சம்மட்டி பட்டால் உடையும், தரையில் விழுந்தாலும் உடையலாம். ஒரே கொடியை நூறு முறை செய்ய வேண்டுமா, அதற்குப் பிறந்தது இது. கோல்புரூக்டேல் நிறுவனம் பெரணி இலையும் கருமுள்ளிப் பழமுமாக வார்த்த தோட்டப் பெஞ்சின் வடிவத்தை 1858-இல் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸில் மிக்கேலா அல்மோனெஸ்தர் பொன்தால்பா சீமாட்டி 1850-ஐ ஒட்டிக் கட்டிய மாளிகை வரிசையின் மாடத் தடுப்புகளிலும் வார்ப்பிரும்புதான். ஒவ்வொரு தடுப்பிலும் அவருடைய பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்குமாக ஏ, பி என்ற எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. கொல்லன் ஒவ்வொன்றாக அடித்திருந்தால் அந்தப் பின்னல் வீதி நெடுக ஒரே மாதிரி வந்திருக்காது. இந்த உலோகத்தைத் தட்டினால் மணியோசை வராது, மந்தமாக ஒலிக்கும். உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை விழுங்கிவிடும். கடையில் நிற்பவர் விரல் கணுவால் சோதித்துப் பார்க்கலாம்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் இரும்பை விட்டுவிட்டு அலுமினிய வார்ப்பை எடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், காந்தம் ஒட்டாது. சம்மட்டித் தழும்பு போன்ற புள்ளிகளை அச்சிலேயே வார்த்துக் கைவேலை என்று விற்பதுதான் உறுத்துகிறது. துருவேறா எஃகு வேண்டுவோர் 304-ஐத் தாண்டி, மாலிப்டினம் கலந்த 316-க்குச் செல்ல வேண்டும். முந்தியது கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும்.

எதை எடுத்தாலும் கலக்கும்போது கவனம் தேவை. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குத் தோல் செம்பு, எலும்பு தேனிரும்பு. இரண்டும் ஒட்டாமலிருக்க இடையில் வைத்த காப்பு நைந்துபோனதும், ஈர உப்புக் காற்றில் இரும்பு வேகமாக அரிபட்டது. 1980-களில் நடந்த செப்பனிடலில் உட்கம்பிகளைத் துருவேறா எஃகாக மாற்றி, செம்புக்கு நடுவே டெஃப்லான் வைத்தார்கள். இரும்பு நாற்காலியில் செம்பு இலை பதிக்க ஆசைப்படுவோர் இதை நினைவில் வைக்கலாம். தீஜூவின் பாணியில் மெல்லிய தகட்டில் அடித்த இலைகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தகடு தடித்த கம்பியைவிட முந்தித் தீரும். இலையின் குழியில் நீர் தேங்கும்.

வெளியில் நிற்கும் மென் எஃகுக்கு வெறும் ரெட் ஆக்சைடு போதாது. உருட்டாலையிலிருந்து ஒட்டிவரும் கருநீலச் செதிலை முதலில் மணல் பீச்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் பூசினால் செதில் உரியும்போது வண்ணமும் கூடவே போகும். அதன்பின் துத்தநாகக் குளியல், சுமார் 450 டிகிரியில். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். குளியல் கடைசியில்தான், முலாம் பூசிய கம்பியை உலையில் வைத்தால் துத்தநாகம் ஆவியாகி, அந்தப் புகை குளிர்க்காய்ச்சல் தரும். கூலி எடைக்குத்தான் என்பதால் 12 மில்லிமீட்டர் நாற்காலிக்கு இங்கேயும் இலாபம். குழாய்ப் பாகம் இருந்தால் இரு முனையிலும் துளை வேண்டும். மூடிய குழாய்க்குள் சிக்கிய ஈரம் உருகிய துத்தநாகத்தில் நீராவியாகி வெடிக்கும். துளையில்லாத வேலையைக் குளியல் போடுபவரே தொட்டியில் இறக்க மாட்டார், பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.