வீட்டிற் கற்கும் பிள்ளைக்குப் பாடத்திட்டம் தெரிதல்

பிள்ளை கல்வி கற்கும் இடம் பாடசாலையே என்பது இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் வேரூன்றிவிட்ட எண்ணம். ஆயினும், தாய் தந்தையரே ஆசிரியராகி, வீட்டையே வகுப்பறையாக்கிக் கற்பிக்கும் வழக்கமும் சில நாடுகளிற் சட்டத்தின் அனுமதியோடு நடைபெற்று வருகின்றது. ஜேர்மனி போன்ற நாடுகள் இதற்கு இடங்கொடுப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ 1993ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்நாட்டு மத்திய அரசாங்கத்தின் கல்விப் புள்ளிவிபர நிலையம் எடுத்த கணக்கின்படி, 1999இல் ஏறக்குறைய 850,000 பிள்ளைகள் வீட்டிற் கற்றனர். 2012இல் அத்தொகை ஏறக்குறைய 1,800,000 ஆக உயர்ந்தது.

இவ்வாறு கற்பிக்க முற்படும் பெற்றோரின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, எந்தப் பாடத்திட்டத்தைத் தெரிந்தெடுப்பது என்பதே. அமெரிக்காவில் இதற்கென ஒரு பெருஞ் சந்தையே இருக்கின்றது. ஓராண்டுக்குரிய புத்தகங்கள், பயிற்சி ஏடுகள், விடைநூல், நாள்தோறும் செய்ய வேண்டியவற்றைக் கூறும் கைந்நூல் ஆகிய யாவும் ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பெட்டியை வாங்குதல் எளிது. அது தம் பிள்ளைக்குப் பொருந்துமா என அறிதலே அரிது.

பத்து வயது தொடக்கம் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்குத் திட்டந் தெரியும்போது இவ்வருமை மேலும் மிகுகின்றது. சிறு குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் தாய், தன் வேலையின் பயனை அன்றன்றே காண்கிறாள். குழந்தை நேற்று வாசிக்காத சொல்லை இன்று வாசிக்கிறது. பதினைந்து வயதைக் கடந்த பிள்ளைக்கோ பரீட்சைகள் எதிரே நிற்கின்றன. குறை இருப்பின் அவை காட்டிவிடும். இடைப்பட்ட வயதிலே குறை மறைந்து கிடக்கும். பிள்ளை நன்றாக வாசிக்கும், பேசும், பயிற்சி ஏட்டின் வெற்றிடங்களையும் நிரப்பிவிடும். ஆயினும் பின்னத்தின் பொருளை அறியாதிருக்கக்கூடும். ஒரு பந்தியைத் தானாக எழுத இயலாதிருக்கக்கூடும். பாடசாலையில் இதனைக் காண வகுப்பாசிரியர் உண்டு, அடுத்த ஆண்டில் வேறோர் ஆசிரியர் உண்டு, தவணைப் பரீட்சையும் உண்டு. வீட்டிலே காணும் கண் பெற்றோரின் கண் மாத்திரமே. அக்கண் அன்பினால் மயங்கிவிடின், இரண்டு ஆண்டுகள் வீணே கழிந்தமை அட்சரகணிதந் தொடங்கும் நாளிலேதான் வெளிப்படும்.

பாடங்களை ஒழுங்குபடுத்தி வீடுகளுக்கு அனுப்பும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்திலே சார்லற் மேசன் என்னும் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், வீட்டிற் கற்கும் பிள்ளைகளுக்காகத் தவணைதோறும் பாட ஒழுங்கை வகுத்துப் பெற்றோருக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடக்கினார். அமெரிக்காவிலே, பால்ரிமோர் நகரில் 1897இல் நிறுவப்பட்ட கல்வேர்ட் பாடசாலையின் தலைமையாசிரியர் வேர்ஜில் ஹில்யர், 1906இல் தம் பாடசாலையின் பாடங்களைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். நகரங்களைவிட்டுத் தொலைவில் வாழ்ந்தோரும், பிறநாடுகளிற் பணிபுரிந்த மிஷனரிமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் அவற்றைப் பயன்படுத்தினர். ஆசிரியத் தொழிலிற் பயிற்சி பெறாத தாயும் கற்பிக்கத்தக்கதாக ஒவ்வொரு நாளின் பாடமும் அதிலே விளக்கப்பட்டிருந்தது. இன்று விற்கப்படும் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி அதுவே என்னலாம்.

இப்பொழுது வழங்கும் திட்டங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, பாடசாலை முறையை அவ்வாறே வீட்டுக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு பாடத்துக்கும் பாடநூல், பயிற்சி, சோதனை என்பன இருக்கும். ஆண்டு முப்பத்தாறு வாரங்களாகவோ நூற்றெண்பது நாள்களாகவோ பகுக்கப்பட்டிருக்கும். பாடசாலைக்குத் திரும்பவிருக்கும் பிள்ளைக்கும், தன் திறமையில் நம்பிக்கை குறைந்த பெற்றோருக்கும் இது ஊன்றுகோலாக உதவும்.

இரண்டாவது, மேசன் அம்மையாரின் வழியைப் பின்பற்றுவது. சுருக்கப் பாடநூல்களுக்குப் பதிலாக, ஒரு பொருளிலே ஈடுபாடுடைய ஆசிரியர் எழுதிய முழுநூல்களைப் பிள்ளை வாசிக்கும். பாடவேளை குறுகியது. வாசித்தபின் நூலை மூடிவிட்டுத் தான் அறிந்ததைத் தன் சொற்களால் எடுத்துக்கூறும். வயது ஏற ஏற அதனையே எழுதிக்காட்டும். வினாக்களுக்கு விடை நிரப்புவதைக் காட்டிலும் இது கடினமானது. விடை நிரப்பும் பிள்ளைக்கு வினாவே பாதி விடையைக் கொடுத்துவிடும். எடுத்துக்கூறும் பிள்ளைக்கு அத்துணை இல்லை.

மூன்றாவது, பழைய ஐரோப்பியக் கல்விமுறையைத் தழுவியது. டொரதி சேயர்ஸ் என்னும் எழுத்தாளர் 1947இல் ஒக்ஸ்போர்டில் நிகழ்த்திய உரையொன்றில் இலக்கணம், தருக்கம், சொற்கலை என்னும் மூன்று படிகளைப் பிள்ளையின் வளர்ச்சியோடு பொருத்திக் காட்டினார். 1999இல் ஜெசி வைஸ் என்பவரும் அவர் மகள் சூசன் வைஸ் பவரும் வெளியிட்ட நூலொன்று, அதனை வீட்டுக் கல்விக்குரிய திட்டமாக விரித்தது. அதன்படி ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள காலம் தருக்கப் படியாகும். எதற்கும் காரணங் கேட்பதும், பெரியோர் கூறுவதை மறுப்பதும் அவ்வயதின் இயல்பு. அதனைத் துடுக்கு என்று அடக்காது, காரணங்களை ஒழுங்காகக் காட்டப் பழக்குவதே இம்முறையின் நோக்கம்.

திட்டமே வேண்டாம் என்பாரும் உளர். 1977இல் வீட்டுக் கல்விக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கிய ஜோன் ஹோல்ற், பிள்ளை தன் ஆவலாற் கற்பதே கல்வி என்று வாதித்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. பாடசாலையில் மனம் நொந்து வீடு திரும்பிய பிள்ளையின் முன்னே மறுநாட் காலையிலேயே பெரிய பெட்டியொன்றைத் திறந்து வைத்தல் அறிவுடைமையன்று. ஆயினும் சரித்திரக் கதையை ஆவலோடு வாசிக்கும் பிள்ளை, பின்னத்தையும் அதே ஆவலோடு நாடும் என்பது நிச்சயமில்லை. ஒழுங்கு தேவைப்படுவது அவ்விடத்திலேதான்.

கணிதத் திட்டங்களிலும் இரு போக்குகளைக் காணலாம். அமெரிக்க விமானப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றபின் கணிதங் கற்பித்த ஜோன் சக்சன் என்பவர் அமைத்த நூல்களில், ஒவ்வொரு நாளும் சிறியதொரு புதிய கருத்து வரும்; அதனோடு முன்னர்க் கற்றவை பலவும் கலந்த பயிற்சிக் கணக்குகள் வரும். விரைவில் மறக்கும் பிள்ளைக்கு இஃது உகந்தது. சிங்கப்பூரில் 1982 முதல் வெளிவந்த தொடக்கக் கணித நூல்களைப் பின்பற்றும் முறையோ, ஒரு கருத்தை முதலிற் கையாற் றொடும் பொருளாலும், பின்னர்ப் படத்தாலும், இறுதியில் எண்ணாலும் விளக்கி, அது தெளிந்தபின்னரே அடுத்ததற்குச் செல்லும். ஒன்றையே பலமுறை செய்யச் சலிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வாதம் முடிவில்லாதது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதே பயனுள்ள கேள்வி.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக் கொள்க. அவள் கதைநூல்களை விரும்பி வாசிப்பவள். ஆறாம் வகுப்புக்கு உரியவள். தாய் ஆறாம் வகுப்புப் பெட்டியை முழுமையாக வாங்கிவிட எண்ணுகிறாள். அதற்குமுன் ஒரு சிறு சோதனை செய்கிறாள். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று ஆகிய இரண்டனுள் எது பெரிது என்று கேட்கிறாள். சிறுமி குறுக்கே பெருக்கிப் பார்த்து, மூன்றில் இரண்டே பெரிது என்கிறாள். விடை சரியானது. ஏன் என்று கேட்டால், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறாள். ஒரு கடதாசித் துண்டைப் பதினைந்து சமபங்காகப் பிரித்தால் முன்னது பத்துப் பங்கு, பின்னது ஒன்பது பங்கு என்று வரைந்துகாட்ட அவளால் இயலவில்லை.

இங்கே குறை விடையில் இல்லை. விடைக்கு அடியிலே இருக்கின்றது. பதிப்பாளர் பலர், பிள்ளை எந்தப் படியிற் றொடங்க வேண்டும் என்று காட்டும் சோதனைத் தாள்களை இலவசமாகவே தருகின்றனர். அத்தாளைச் செய்வித்தால், அச்சிறுமி கணிதத்தில் ஐந்தாம் படியிலும், வாசிப்பில் எட்டாம் படியிலும் நிற்கக்கூடும். அவ்விடத்திலே தாயின் உள்ளம் கலங்கும். உறவினர் கேட்டால் என்ன சொல்வது, பிள்ளை தாழ்ந்த வகுப்பு நூலைக் கண்டு வெட்கப்படுமே என்றெல்லாம் நினைப்பாள். ஆனால் அட்டையில் உள்ள எண் பதிப்பாளர் இட்ட எண்ணேயன்றிப் பிள்ளையின் அறிவுக்கு இட்ட அளவு அன்று. அட்டையை ஒரு கடதாசியால் மூடிவிடலாம். பின்னத்தை அறியாத குறையை எதனாலும் மூட முடியாது. இத்தகைய பிள்ளைக்கு முழுப்பெட்டி பொருந்தாது. கணிதத்தை ஒரு பதிப்பாளரிடமிருந்தும், வாசிப்பை வேறோரிடத்திலிருந்தும் தெரிந்தெடுத்தலே தகும்.

பிள்ளையை அறிந்தபின் அறிய வேண்டியவர் கற்பிப்பவர். சில திட்டங்களிலே தாய் ஒவ்வொரு பாடத்தின்போதும் அருகில் இருத்தல் வேண்டும். வேறு சில, பிள்ளை தனியே வாசித்துச் செய்யத்தக்கவை. கைக்குழந்தை ஒன்றும் வேறு பிள்ளைகள் இருவரும் உள்ள வீட்டில், மணிக்கணக்காகத் தாயின் துணையை வேண்டும் சிறந்த நூல், ஒரு மாதத்தில் அலுமாரிக்குச் சென்றுவிடும். நாள்தோறும் நடைபெறும் நடுத்தரமான பாடம், நடைபெறாத உயர்ந்த பாடத்தைக் காட்டிலும் மேலானது. விடைநூலில் விடை மாத்திரம் உள்ளதா, செய்கைமுறையும் உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். பெற்றோர் தாமே அட்சரகணிதத்தை மறந்திருப்பாராயின், வெறும் விடை அவர்க்கு உதவாது.

மூன்றாவதாக அறிய வேண்டியது, தாம் வாழும் மாநிலத்தின் சட்டம். நியூயோர்க் மாநிலத்தில் ஆண்டின் பாட ஒழுங்கை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தலும், காலாண்டுதோறும் அறிக்கை அனுப்புதலும் கடமை. ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணித்தியாலங்களும், ஏழாம் வகுப்பு முதல் 990 மணித்தியாலங்களும் கற்பித்தல் வேண்டும். ரெக்சாஸ் மாநிலத்திலோ இத்தகைய அறிக்கைகள் இல்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை உண்மையாகக் கற்பித்தாற் போதும். அன்றியும், அமெரிக்காவின் வீட்டுக் கல்வி நூல்களுட் பல சமயச் சார்புடைய பதிப்பாளர் வெளியிடுபவை. சிலவற்றில் விஞ்ஞானமும் சரித்திரமும் அவர்தம் கொள்கைக்கு இசையவே எழுதப்பட்டிருக்கும். அதனை விரும்புவோரும் உளர், விரும்பாதோரும் உளர். இருசாராரும் வாங்குமுன் அந்நூல்களிலே சில அத்தியாயங்களையேனும் வாசித்தறிதல் நன்று.

இவ்வளவும் ஆராய்ந்து தெரிந்த திட்டமும் பிழையாகிவிடக்கூடும். ஆதலின் ஓராண்டுக்கு உரியவற்றை ஒருங்கே வாங்காது, முதலில் ஒரு பாடத்தை மாத்திரம் பெற்று ஆறு வாரம் நடத்திப் பார்ப்பது விவேகம். பொது நூலகத்திலும், பயன்படுத்திய நூல்களை விற்கும் இடங்களிலும் இவை கிடைக்கும். ஆறு வாரம் முடிந்தபின், எத்தனை பக்கம் முடிந்தது என்று எண்ணுதல் வேண்டாம். நூலை மூடிவிட்டு, பிள்ளையை அருகில் இருத்தி, நீ கற்றதை எனக்குச் சொல், வரைந்து காட்டு, செய்து காட்டு என்று கேட்டல் வேண்டும். பிள்ளை தன் சொற்களாற் கூறுமாயின் திட்டம் பொருந்திவிட்டது. கூற இயலாதாயின், திட்டத்தை நிறுத்தவோ, வேகத்தைக் குறைக்கவோ, வேறொன்றை நாடவோ பெற்றோர் அஞ்சுதலாகாது. பணங்கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காகப் பொருந்தாத நூலோடு பிள்ளையைக் கட்டிவைத்தல், சிறிய செருப்பை வாங்கிவிட்டு அதற்கேற்பக் காலைச் சுருக்கச் சொல்வது போலாகும்.

ஓராண்டின் பாடங்களை வரிசைப்படுத்தித் தரும் வேலையைப் பதிப்பாளர் செய்துவிடலாம். அப்பாடம் இந்தப் பிள்ளையின் உள்ளத்திற் பதிந்ததா என்று பார்க்கும் வேலையை அவர் செய்ய இயலாது. பாடசாலையின் பொறுப்பைத் தம் கையில் ஏற்றுக்கொண்ட தாய் தந்தையர், எந்தப் பெட்டியை வாங்கினும், அந்த ஒரு வேலையை மாத்திரம் எவரிடமும் ஒப்படைத்தல் ஆகாது.