கொடுத்து ஆளும் தாய், கேட்டுக்கொள்ளும் மகன்



மாமியார், மருமகள் என்றாலே இரண்டு பெண்களின் சண்டை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நடுவில் இருக்கும் ஆண்பிள்ளையை மட்டும், இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளம் என்று இரக்கத்தோடு விட்டுவிடுகிறோம். அவர் அங்கே என்ன செய்தார் என்று இன்று பார்ப்போம். நான் எடுத்துக்கொண்டது முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குடும்பம்.

தாய் சாராவுக்கு அவர் ஒரே பிள்ளை. கணவர் 1900-இல் காலமானார். மகன் ஹார்வர்டில் படிக்கையில், பக்கத்தில் இருக்க வேண்டுமென்று பாஸ்டனில் வீடு எடுத்துத் தங்கினார். எலினோரை மணக்கப்போவதாக மகன் சொன்னதும், ஓராண்டு வெளியே சொல்லக் கூடாது என்றார். மனம் மாறுமா என்று கரீபியக் கடலுக்குக் கப்பலேற்றி அழைத்துப்போனார். மாறவில்லை. 1905 மார்ச் 17 அன்று திருமணம் நடந்தது.

எலினோர் பத்து வயது நிரம்புமுன்பே தாய், தந்தை இருவரையும் இழந்தவர். மாமியாரிடம் தாயைத் தேடினார். ஆகவே எதிர்த்துப் பேசவில்லை.

திருமணம் நடந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு சாரா கொடுத்த பரிசு, தாமே வரைந்த ஒரு வீட்டின் படம். 1908-இல் நியூயார்க் கிழக்கு 65-ஆம் தெருவில் வீடு தயாரானது. கட்டியது ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு. ஒன்றில் தாய், மற்றதில் மகன் குடும்பம். முன்வாசல் பொது. இரு வீட்டுச் சாப்பாட்டு அறைகளும் கதவைத் திறந்தால் ஒன்றாகிவிடும். குழந்தைகள் இருந்த மாடியிலும் இடைக்கதவு. மாமியார் எந்த நேரத்தில் உள்ளே வருவார் என்று சொல்ல முடியாது என எலினோர் பிற்பாடு எழுதினார்.

குடியேறிச் சில வாரங்களில், கண்ணாடி மேசை முன் உட்கார்ந்து எலினோர் அழுதார். கணவர் காரணம் கேட்டார். எந்த வகையிலும் தன்னுடையதாக இல்லாத வீட்டில் வாழப் பிடிக்கவில்லை என்றார். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்த கணவர், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எலினோரே 1937-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார்.

இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. சாரா கொடுமைக்காரியும் அல்லர். கொடுத்துக் கொடுத்தே ஆண்டவர். மகன் வாங்கிக்கொண்டார், அதற்கான விலையை மனைவி கட்டினார்.

ஹைடு பார்க் என்ற ஊரிலிருந்த குடும்ப வீட்டிலும் இதே நிலைமைதான். சாப்பாட்டு மேசையின் ஒரு தலைப்பில் தாய், மறு தலைப்பில் மகன். கணப்பருகே கிடந்த இரண்டு பெரிய நாற்காலிகளும் அவர்களுக்கே. மருமகள் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். 1941-இல் சாரா இறக்கும்போது மகன் எட்டாண்டாக நாட்டின் தலைவர். அந்த வீட்டுக்கு எசமானி அதுவரை தாய்தான்.

1918-இல் கணவருக்கு வேறொரு பெண்ணோடு இருந்த தொடர்பு எலினோருக்குத் தெரியவந்தது. அந்தப் பழியைச் சாராவின் தலையில் போடுவது நியாயமில்லை. அதையொட்டி எழுந்த விவாகரத்துப் பேச்சை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

1921-இல் பிராங்க்ளினின் கால்கள் போலியோவால் செயலிழந்தன. ஊரோடு வந்து ஓய்வாக இருக்கட்டும் என்றார் தாய். அரசியலை விடக் கூடாது என்றார் எலினோர். மகனின் விருப்பமும் அதுவாக இருந்ததால், இம்முறை தாயின் சொல் எடுபடவில்லை. 1920-களின் நடுவில், பிராங்க்ளின் தாமே வாங்கியிருந்த நிலத்தில், ஹைடு பார்க்கின் பெரிய வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி, எலினோரும் இரு தோழியரும் வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். கல்யாணமாகிச் சுமார் இருபது ஆண்டுக்குப் பிறகு!

இரண்டு மைல் தூரம் மகனுக்கும் தாய்க்கும் இருந்த பாசத்தைக் குறைக்கவில்லை. தொடக்கத்திலேயே பிராங்க்ளின் தனி வீட்டுக்கு வழிசெய்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். தனி வாசல் வேண்டுமென்று மருமகள் கேட்டால் குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்பார்கள்; அதையே மகன் கேட்டால் ஏற்பாடு என்பார்கள். ஆகவே அம்மாவிடம் பேசவேண்டியவர் மகன்தான். வீடு தரும் பெற்றோரிடம், சாவி யாரிடம் இருக்கும் என்று குடிபோகுமுன் அவரே கேட்கட்டும். அந்தப் பேச்சை மனைவியின் தலையில் கட்டுகிறவரை, நாம் மத்தளம் என்று இரக்கப்பட வேண்டியதில்லை.