பொய்ப் பற்றுச்சீட்டும் பொதுப்பணமும்

நெடுந்தீவில் கடமையாற்றும் ஆசிரியை ஒருவர் யாழ்ப்பாணத்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றிற் சத்திரசிகிச்சை பெற்று ஊர் திரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அவர் கைப்பையிலே நோய் நிர்ணய அட்டையும் பற்றுச்சீட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. அரசாங்க ஊழியருக்கான ‘அக்ரஹார’ காப்புறுதியிலிருந்து செலவின் ஒரு பகுதியை மீளப் பெறுவதற்கு அவையே ஆதாரம். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தாற் தாபிக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இத்திட்டத்தை நடத்துகிறது. மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும் சிறுதொகையே அதன் மூலதனம். 2017ஆம் ஆண்டில் பாடசாலை மாணவருக்கென ‘சுரக்ஷா’ காப்புறுதி தொடங்கப்பெற்றபோது, தீவுப்பகுதிப் பெற்றோரும் இத்தகைய கடதாசிகளைச் சேர்த்துவைக்கப் பழகிக்கொண்டனர்.

கடதாசியை நம்பிப் பணம் கொடுக்குமிடத்திற் கடதாசியாலேயே களவும் நிகழும். தங்காத நோயாளி இரண்டு நாள் தங்கியதாக எழுதப்படலாம். ஒரே பற்றுச்சீட்டு இரண்டிடத்திற் சமர்ப்பிக்கப்படலாம். உரித்தில்லாதவர் உரித்துடையவர் பெயரிற் சிகிச்சை பெறலாம். “அரசாங்கத்துப் பணந்தானே” என்று சொல்லிக்கொள்வோரும் உளர். அது அரசாங்கத்துப் பணமன்று. நயினாதீவுத் தபாற்காரரும் ஊர்காவற்றுறைத் தாதியும் மாதாமாதம் இட்ட பணம்.

இவ்வகை வஞ்சனைக்கு இலங்கையில் எடுத்தாளப்படுவன பொதுச் சட்டங்களே. பொய்யாவணம் புனைதலும் ஏமாற்றிப் பொருள் பெறுதலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றங்கள். உத்தியோகத்தரின் ஊழலை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் கவனிக்கிறது. தகவல் தருவோருக்குப் பாதுகாப்பும் அச்சட்டத்தில் உண்டு.

அமெரிக்கர் வேறொரு வழியைக் கண்டனர். உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பழுதான பொருள்களை விற்றுப் பணம் பறித்த ஒப்பந்தக்காரரை அடக்குவதற்கு 1863ஆம் ஆண்டில், லிங்கன் ஆட்சியில், பொய்க் கோரிக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. வஞ்சனையை அறிந்த எவரும் அரசின் சார்பில் வழக்கிடலாம். மீட்கப்படும் தொகையில் அவருக்கும் பங்குண்டு. இன்று அப்பங்கு 15 முதல் 30 வீதம் வரை. வஞ்சித்தவரோ அரசுக்கு நேர்ந்த நட்டத்தின் மும்மடங்கையும் அபராதத்தையும் செலுத்தவேண்டும். வறியோருக்கான ‘மெடிக்கெய்ட்’ மருத்துவ உதவித்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்வதால், பல மாநிலங்கள் இதே வடிவிற் தத்தம் சட்டங்களை ஆக்கியுள்ளன. காட்டிக்கொடுப்பவனுக்குக் கூலியா என முகஞ்சுளிப்போர் இருக்கலாம். ஆயினும் கணக்கறையின் உள்ளே நடப்பது கணக்கறையில் இருப்பவனுக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்?

அயலே இந்தியாவில் 2018ஆம் ஆண்டிற் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பதிவேட்டைக் கணக்காய்வாளர் ஆராய்ந்து 2023இல் அறிக்கை வெளியிட்டனர். ஏறக்குறைய 7.5 இலட்சம் பயனாளிகள் ஒரே தொலைபேசி இலக்கத்தின்கீழ்ப் பதியப்பட்டிருந்தனராம். அவ்விலக்கமோ ஒன்பது என்னும் எண்ணைப் பத்துமுறை எழுதியது! அத்தனையும் களவென்று கூறுவதற்கில்லை. கவனயீனமும் அங்குண்டு. ஆனால் கவனயீனம் திறந்துவைத்த கதவுக்குள் கள்வன் நுழைவது எளிது.

தீவுப்பகுதிக்கு இவ்விடயத்தில் ஒரு தனித்த இடர் உண்டு. எங்கோ ஒருவர் பொய்ப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால், மறுமாதம் எல்லோரிடமும் மேலும் ஓர் ஆவணம் கேட்கப்படுகிறது. யாழ்ப்பாண நகரத்தவருக்கு அது அரைமணி நேர அலைச்சல். நெடுந்தீவாருக்கோ ஒரு நாள். கடல் கொந்தளித்தாற் படகில்லை, நாள் இரண்டாகும், மூன்றாகும். வைத்தியரின் கையொப்பம் தெளிவில்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தை, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாவுக்காக மீண்டும் கடல்கடந்து சுமக்க மனமின்றிக் கைவிடுவோர் இருந்தால் வியப்பென்ன? வஞ்சகனுக்கு விரித்த வலையில் நேர்மையாளன் அகப்படுகிறான்; வஞ்சகனோ எல்லாக் கடதாசியையும் ஒழுங்காகவே வைத்திருப்பான்.

ஆதலின் இனி இயற்றப்படும் சட்டம் எதுவாயினும், கோரிக்கையாளர் மீது மேலும் படிவங்களைச் சுமத்துவதைக் காட்டிலும், பற்றுச்சீட்டை வழங்கும் வைத்தியசாலையே தன் பதிவை நேரே நிதியத்துக்கு அனுப்பக் கடமைப்படுத்துவது தக்கது. நோயாளி எந்நாளில் வந்தார், எந்நாளிற் சென்றார் என்பதை அறிந்தது வைத்தியசாலை. பொய்யுரைத்தாற் பொறுப்பேற்கவேண்டியதும் அதுவே. எழுத்துப் பிழைக்கும் திட்டமிட்ட வஞ்சனைக்கும் வேறுபாடு சட்டத்திலேயே வரையப்படல் வேண்டும். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. மூலப்பிரதியை அங்கேயே பார்வையிட்டு உறுதிப்படுத்தி அனுப்பும் அதிகாரம் அங்குள்ள உத்தியோகத்தர் ஒருவருக்கு அளிக்கப்படுமாயின், சத்திரசிகிச்சைத் தழும்பு ஆறுமுன்னரே அந்த ஆசிரியை மறுபடியும் படகேறவேண்டியிராது.