புருஷன் மனசும் ஊட்டி நிலாவும்

(புதுச்சத்திரம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பிரபஞ்சம் தோன்றியதற்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தத்தை உண்டாக்கியது நாம் இல்லை. ரிக்வேதம் பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தத்தில் பிராமணன் வாய், சூத்திரன் பாதம் என்று வருவது எல்லோருக்கும் தெரியும். அதே சூக்தம்தான் புருஷனின் மனசிலிருந்து நிலா வந்தது, கண்ணிலிருந்து சூரியன் வந்தது என்றும் சொல்கிறது. வானத்தையும் வருணத்தையும் ஒரே உடம்பிலிருந்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். நிலா எவ்வளவு இயற்கையோ சாதியும் அவ்வளவு இயற்கை என்றாகிவிட்டது பாருங்க, அங்கேதான் சூட்சுமம். நமக்கோ அந்த உடம்பில் பாதம்கூட இல்லை.

சரி, வானம் என்ன சொல்கிறது? நம்ம நெடுஞ்சாலையில் லாரி ஆரன் அடித்துக்கொண்டே கடந்துபோனால் சத்தம் தடித்துப்போகிறதல்லவா? விலகிப்போகும் விண்மீன் மண்டலங்களின் ஒளியும் கிட்டத்தட்ட அப்படித்தான், அலை நீண்டு சிவக்கிறது. தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்று 1929இல் ஹப்பிள் காட்டினார். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் நெருங்கிக் கொதித்துக் கிடந்திருக்கிறது.

பிரெட் ஹாய்ல் போன்ற பெரிய ஆளுங்க இதை ஏற்கவில்லை. விரிந்தாலும் பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் என்று 1948இல் வாதிட்டார்கள்.

இங்கேதான் நம்ம ஊட்டி வருகிறது. முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் வேலையைத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவு 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொண்டது. சரிவையே கருவியாக்கின மூளை! தூரத்து ரேடியோ மண்டலம் ஒன்றை நிலா மறைக்கும்போது அலை எப்படி மங்குகிறது என்று பார்த்து, அதன் அளவைக் கண்டார்கள். தூரத்தில் இருப்பது என்றால் பழையது என்று அர்த்தம். அலை வந்துசேரவே கோடிக்கணக்கான ஆண்டு. அந்தப் பழையவை இன்றுள்ளவற்றைவிடச் சிறியவை என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் எழுதினார்கள். 'ஒரே மாதிரி' வாதத்துக்கு அது அடி. இதைவிடப் பலமான அடி 1965இலேயே விழுந்திருந்தது. எந்தத் திசையில் திருப்பினாலும் வரும் நுண்ணலை இரைச்சலை பென்சியாஸும் வில்சனும் பிடித்திருந்தார்கள். பழைய கொதிப்பின் ஆறிப்போன மிச்சம் அது.

ஹாய்ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், சர் பட்டம் வாங்கியவர். 2001இல் சாகும்வரை பெருவெடிப்பை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் கொள்கை போய்விட்டது. புருஷ சூக்தம் இன்றும் கோயிலில் ஓதப்படுகிறது. வேதத்திலேயே பெருவெடிப்பு இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். ஊட்டியில் திரையாகப் பிடித்தார்களே, அந்த நிலா மனசிலிருந்து வந்ததா, இல்லையா? இல்லை என்றால், பாதத்து வரியை மட்டும் ஏன் விடமாட்டேங்கிறீங்க?