பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன்

ராசிங்காபுரம் தெருவில் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரல் கேட்டதும், பரண்மேல் கிடக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம், அது அரிய பெட்டியாகக்கூட இருக்கலாம்.

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று செல்போனில் வந்து குவிகிற 'காலை வணக்கம்' பூங்கொத்துப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது! ஆனால் சுவிட்சைப் போட்டதும் 'பூ...பீப்' என்று சத்தம் கொடுத்து அந்த நொடியே தயாராகிவிடும். சேகரிப்பவர்கள் தேடி அலையும் பெட்டிகளில் இதுவும் ஒன்று. கிடைத்த சந்தோஷத்தில் உடனே கரண்ட் கொடுத்துவிடக் கூடாது. பவர் சப்ளையில் இருக்கும் பழைய கெப்பாசிட்டர் 'பட்'டென்று வெடித்துப் புகை கக்கக்கூடும். முதலில் அதை மாற்ற வேண்டும். ஏலமலைச் சாரலில் ஈரம் குடித்த பெட்டி என்றால் துருவையும் பாருங்கள்.

அவ்வளவு பழசு எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் தூங்குகிறதே! எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் ஏலக்காய்க் கணக்கு எழுத, பிள்ளைகள் தமிழில் தட்டச்சுப் பழகத் தாராளம். இல்லை, பழைய இரும்புக் கடைக்குத்தான் போடுவேன் என்றால், உள்ளே இருக்கும் குடும்பப் படங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.