காசு குடுத்து வாங்கினோம், பூட்டைத் திறக்கலாமா?



கடையில ஒரு புத்தகம் வாங்குறீங்க. படிச்சிட்டு தம்பிக்குக் குடுக்கலாம், பழைய புத்தகக் கடையில போடலாம். யாரும் கேள்வி கேட்க முடியாது. அதையே மின்நூலா வாங்கினா, பெரும்பாலும் விற்ற நிறுவனத்தின் செயலியில மட்டும்தான் திறக்கும். டிஆர்எம் என்கிற டிஜிட்டல் பூட்டுதான் காரணம்.

அந்தக் கடையையே மூடிட்டா? 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனா வாங்கின புத்தகம் போனது போனதுதான்.

சரி, நாமே பூட்டை எடுத்து ஒரு பிரதி வெச்சுக்கிட்டா குற்றமா?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனிங்க. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளலை 52-வது பிரிவு அனுமதிக்கிறது. அப்போ, வாங்கின படத்தை முழுசா பிரதி எடுத்து வீட்டில வைப்பது நியாயமான கையாளலா? சட்டத்தில் நேரடி பதில் இல்லை.

இதில் அதிகம் தவிக்கிறது யார்? பார்வையற்ற நம் பிள்ளைகள். பூட்டுப் போட்ட சில மின்நூல்களைத் திரைவாசிப்பு மென்பொருளால் வாசிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்காக, லாப நோக்கமின்றி, நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற 52-வது பிரிவு இடம் தருது. பார்வையற்றோருக்கான மரக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. பெருமைதான்! ஆனா பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாத்தையும் பதிவு செய்து வைக்கணும்னு 65ஏ சொல்லுது. ஒரு புத்தகம் படிக்க இவ்வளவு கெடுபிடியா?

திருட்டுப் பிரதிக்கு நாம வக்காலத்து வாங்கல. எழுதியவர், பாடியவர், லைட் பிடித்தவர் எல்லோருக்கும் கூலி போய்ச் சேரணும். காசு குடுத்து வாங்கினவரும் திருடரும் ஒன்னு இல்லைன்னுதான் சொல்றோம்.

வக்கீல் வைக்க வசதி உள்ளவர் வழக்காடிப் பார்ப்பார். மத்தவங்க பயந்து ஒதுங்குவாங்க. அந்தப் பயமே ஒரு தண்டனைதான்.

அதனால கேட்கிறோம்: சொந்தப் பயனுக்கும் வாசிப்பு உதவிக்கும் பூட்டைத் திறப்பது குற்றமல்லன்னு சட்டத்திலேயே தெளிவா எழுதுங்க. வாசிப்புக்கு உதவுறவங்க மேல சுமத்திய பதிவேட்டை நீக்குங்க.

இது ஒன்றியச் சட்டம். உங்க தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்க தோழர்களே.